மேனாட்டுப் பேரங்காடிகளின் வீழ்ச்சியும் நமது பண்டகசாலைகளும்

இங்கிலாந்து தேசத்து நகரங்கள் ஒவ்வொன்றிலும் ‘ஹை ஸ்ட்ரீட்’ எனப்படும் பெரிய கடைவீதி ஒன்று உண்டு. நம் ஊர்களில் தேரடியை ஒட்டியும் மணிக்கூண்டை ஒட்டியும் கடைகள் செழித்திருப்பது போல, அந்நாட்டு மக்களின் வாங்கலும் விற்றலும் அவ்வீதியிலேயே நடைபெற்று வந்தன. அவ்வீதிக்கு நடுநாயகமாக விளங்கியவை ‘டிபார்ட்மெண்ட் ஸ்டோர்’ எனப்படும் பேரங்காடிகள். துணி, தைத்த ஆடை, பாத்திரம், மரச்சாமான், வாசனைப் பொருள் ஆகிய யாவற்றையும் தனித்தனிப் பகுதிகளில் வைத்து, ஒரே கூரையின்கீழ் விற்பனை செய்யும் கடைகள் அவை.

அக்கடைவீதியின் பெரும் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துவிட்டன. மலிவு விலைப் பல்பொருள் கடையான வுல்வொர்த்ஸ் தன் 807 கிளைகளையும் 2009 ஜனவரிக்குள் மூடியது. பி.எச்.எஸ். எனப்படும் பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் 2016 ஆகஸ்டில் மறைந்தது. ஹவுஸ் ஆஃப் ஃபிரேசர் 2018-ல் கடனிறுக்க வழியின்றிக் கைமாறியது. டெபன்ஹாம்ஸின் கடைசிக் கிளைகள் 2021 மே மாதம் 15-ஆம் தேதி கதவடைத்தன.

கடல் கடந்த ஊரில் முதலாளிகளின் கடை மூடப்பட்டால் நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கரூர் முதலிய ஊர்களில் நெய்யப்படும் விரிப்புகளும் துவாலைகளும் மேனாட்டுக் கடைகளை நம்பியே கப்பலேறுகின்றன. மேலும், நெய்தவனும் விளைத்தவனும் தம் பண்டத்தைக் கொண்டு சேர்க்கும் கடை எவருடையது, அதன் முதல் எங்கே இருக்கிறது என்னும் கேள்வி எந்நாட்டிலும் ஒன்றே. ஆகவே இவ்வீழ்ச்சியின் உண்மைக் காரணத்தை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

துணிக்கடையாகப் பிறந்தவை

இப்பேரங்காடிகளிற் பல துணிக்கடையாகவே பிறந்தவை. டெபன்ஹாம்ஸின் மூலம் 1778-ல் லண்டன் விக்மோர் வீதியில் தொடங்கிய ஒரு ஜவுளிக்கடை. ஹவுஸ் ஆஃப் ஃபிரேசர் 1849-ல் கிளாஸ்கோ நகரில் இருவர் கூடி வைத்த துணிக்கடை. ஜான் லூயிஸ் என்பவர் 1864-ல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் திறந்ததும் அவ்வாறே. பாரிஸ் நகரத்துப் ‘போன் மார்ஷே’ என்னும் கடையில் 1852-ல் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிக்கோ என்பவர், எல்லோருக்கும் ஒரே விலை, பேரம் இல்லை, பிடிக்காத பொருளைத் திருப்பித் தரலாம், வாங்காமலே சுற்றிப் பார்க்கலாம் என்னும் முறைகளை நிலைநாட்டினார். இம்முறைகளே பேரங்காடிகளின் புகழுக்கு அடிப்படை. ஆளைப் பார்த்து விலை சொல்லும் வழக்கத்தால் ஏமாந்து வந்த சாமானிய மக்களுக்கு இவை பெரும் நன்மையாயின என்பதை மறுப்பதற்கில்லை.

இணையம் ஒன்றே காரணமா?

இக்கடைகள் ஏன் வீழ்ந்தன என்று கேட்டால், மக்கள் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகப் பொருள் வாங்கத் தொடங்கியதுதான் காரணம் என்று பலரும் விடை கூறுவர். இவ்விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை.

இங்கிலாந்து அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களைப் பார்ப்போம். 2007-ல் சில்லறை விற்பனையில் 100-க்கு 3 அல்லது 4 பங்கே இணையத்தின் வழியாக நடந்தது. 2019-ல் அது ஏறக்குறைய 19 பங்காக உயர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் கடைகள் பூட்டப்பட்டிருந்த 2021 ஜனவரியில் 37 பங்கை எட்டி, பின்னர் 26, 27 பங்களவில் நின்றது. வுல்வொர்த்ஸ் திவாலான 2008-லோ 20-ல் ஒரு பங்குதான் இணைய வணிகம். பிறந்து நடக்கத் தொடங்கிய குழந்தை தள்ளியா 27,000 பேர் வேலை செய்த ஸ்தாபனம் விழுந்தது?

வேறு காரணங்களும் உண்டு. மோட்டார் வாகனம் பெருகவே, நகருக்கு வெளியே வண்டி நிறுத்த வசதியுடன் பெரும் வணிக வளாகங்கள் எழுந்தன. ஷெஃபீல்டு நகரில் பழைய எஃகு ஆலை இருந்த இடத்தில் 1990-ல் திறக்கப்பட்ட ‘மெடோஹால்’ அத்தகையது. அது நகரின் உள்வீதிக் கடைகளின் வியாபாரத்தை ஈர்த்துக்கொண்டது. கடை வரியும் ஒரு சுமை. கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பில் ஏறக்குறைய பாதியளவு வரியாகப் பல ஆண்டுகள் விதிக்கப்பட்டு வந்தது. நகர நடுவில் வாடகை மதிப்பு மிகுதி. ஊருக்கு வெளியே கிடங்கு வைத்திருக்கும் இணைய வணிகருக்கோ அது குறைவு. ஆதலால் ஒரே பண்டத்தை விற்ற இருவரில் கடைவீதிக்காரரே அதிக வரி செலுத்த நேர்ந்தது.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த காற்று. ஆனால் அதே காற்றில் சில மரங்கள் நின்றன. சில வேரோடு சாய்ந்தன. சாய்ந்தவற்றின் வேரை ஆராய்ந்தால், காற்று வருமுன்னரே அவ்வேர் அறுக்கப்பட்டிருந்தமை தெரியவரும்.

சொந்தக் கட்டடத்தில் வாடகைக்குக் குடியிருத்தல்

பழைய பேரங்காடிகளின் பெருஞ்செல்வம் அலமாரியில் இருந்த சரக்கன்று. அவை நின்ற மனையும் கட்டடமுமே. முன்னோர் சிறுகச் சிறுகச் சேர்த்து, நகரின் நல்ல இடங்களில் கட்டிய கட்டடங்கள் அவை. வியாபாரம் மந்தமான ஆண்டுகளில் வாடகை கொடுக்கும் தேவை இன்மையால் கடை தாக்குப்பிடிக்கும்.

பின்னர் வந்த உரிமையாளர்கள் ஓர் உபாயம் கண்டனர். கட்டடத்தை வேறொரு கம்பெனிக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்வது. அதே கட்டடத்தில் நீண்ட காலக் குத்தகைக்கு வாடகை செலுத்தி அமர்வது. கடை இருந்த இடத்திலேயே இருக்கும். பெயர்ப் பலகையும் மாறாது. வாடிக்கைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. வுல்வொர்த்ஸின் 182 கட்டடங்களை அதன் தாய்க் கம்பெனி 2001-ல் 61.4 கோடி ஸ்டெர்லிங் பவுனுக்கு இவ்வாறு விற்றது. டெபன்ஹாம்ஸை 2003-ல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் கூடி வாங்கின. 2005-ல் 23 கட்டடங்கள் 49.5 கோடி பவுனுக்கு விற்கப்பட்டு, பல பத்தாண்டுகள் நீளும் குத்தகை எழுதப்பட்டது. அம்மூவரும் 100 கோடி பவுனுக்கு மேல் ஈவாகப் பெற்றுக்கொண்டு, 2006-ல் கடையை மீண்டும் பங்குச் சந்தையில் விற்றனர். அப்போது அதன் தலைமேல் 100 கோடி பவுனுக்கு மேற்பட்ட கடன் இருந்தது.

இம்முறையின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு சங்கத்திற்குக் கடைத்தெருவில் சொந்த விற்பனைக் கூடம் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய். கொள்முதல் போக மொத்த லாபம் நூற்றுக்கு 20 வீதம் 8 லட்சம். சம்பளம், மின்சாரம் முதலிய செலவு 6 லட்சம். மிச்சம் 2 லட்சம். இப்போது கட்டடத்தை 50 லட்சத்திற்கு விற்று, ஆண்டுக்கு 3 லட்சம் வாடகைக்கு அதிலேயே இருப்பதாகக் கொள்வோம். விற்ற பணத்தை நூற்றுக்கு 6 வட்டிக்கு வைப்பில் இட்டால், வரும் வட்டி வாடகைக்குச் சரியாகிவிடும். அப்பணத்தை ஈவாகப் பகிர்ந்துவிட்டாலோ, மிச்சம் இருந்த இடத்தில் 1 லட்சம் நஷ்டம் வந்து நிற்கும்.

அடுத்து, விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்து 36 லட்சமாகிறது எனக் கொள்வோம். மொத்த லாபம் 7 லட்சத்து 20 ஆயிரம். கட்டடம் சொந்தமாயின் அப்போதும் 1 லட்சத்து 20 ஆயிரம் மிஞ்சும். வாடகைக் கட்டடமாயின் 1 லட்சத்து 80 ஆயிரம் நஷ்டம். வாடிக்கைக்காரர் குறைந்தது இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். ஆனால் ஒரு கடை பிழைக்கிறது, மற்றொன்று மூழ்குகிறது.

இங்கிலாந்தில் இத்துன்பம் இன்னும் கடுமையாயிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாடகையை மறுபார்வையிடும்போது உயர்த்தலாமே அன்றிக் குறைக்கலாகாது என்னும் நிபந்தனை அந்நாட்டுக் குத்தகைகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. வியாபாரம் இறங்க, வாடகை ஏறியது. டெபன்ஹாம்ஸ் 2019-ல் கடன்கொடுத்தோர் கைக்குச் சென்றது. கொள்ளைநோய் வந்தபோது அதனிடம் கையிருப்பு இல்லை. 2021-ல் ஓர் இணைய வணிகக் கம்பெனி அதன் பெயரை மாத்திரம் 5.5 கோடி பவுனுக்கு வாங்கிற்று. கடைகள் அதற்குத் தேவைப்படவில்லை.

அமெரிக்க விவசாயிகளின் கடை

அமெரிக்காவின் சியர்ஸ் என்னும் ஸ்தாபனத்தின் வரலாறு விவசாயிகளான அங்கத்தினருக்குச் சுவை தரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது விலைப்பட்டியல் புத்தகத்தை அச்சிட்டுக் கிராமம்தோறும் அனுப்பியது. பண்ணையில் இருந்தபடியே விவசாயி புத்தகத்தைப் பார்த்துத் தபாலில் எழுதினால், துணியும் கருவிகளும் வீடு தேடி வரும். உள்ளூர் வியாபாரி சொன்னதே விலை என்ற நிலை அதனால் தளர்ந்தது. 1925 முதல் சியர்ஸ் நகரங்களில் பேரங்காடிகளையும் திறந்தது.

வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் முறையில் இத்தகைய அனுபவம் பெற்ற அந்த ஸ்தாபனம், 1993-ல் செலவு மிகுதி எனக் கருதித் தன் பெரிய விலைப்பட்டியலை நிறுத்தியது. இணைய வணிகத்தில் இன்று தலைசிறந்து நிற்கும் அமேசான் தோன்றியது அடுத்த ஆண்டான 1994-ல். பின்னர் 2015-ல் சியர்ஸ் தன் 235 கட்டடங்களையும் வேறு சில இடங்களிலுள்ள பங்கையும் சுமார் 270 கோடி டாலருக்கு ஒரு புதிய நிறுவனத்திற்கு விற்று, வாடகைக்கு அமர்ந்தது. சியர்ஸின் தலைவரே வாங்கிய நிறுவனத்திற்கும் தலைவர். 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது.

இங்கிலாந்தில் நெக்ஸ்ட் என்னும் துணிக்கடைக் கம்பெனியோ 1988-ல் தொடங்கிய தன் தபால் விற்பனையைக் கைவிடாது, அதனையே இணைய விற்பனையாக வளர்த்து நிலைத்து நிற்கிறது. இணையம் என்பது எதிரியின் ஆயுதம் மட்டுமன்று. எடுத்துப் பழகியவர்க்கெல்லாம் அது பயன்படும்.

நஷ்டம் யார் தலையில்?

கடை முழுகினால் முதலில் துன்புறுவோர் அதில் உழைப்பவர்கள். பி.எச்.எஸ். கடைகளைச் சர் பிலிப் கிரீன் 2000-ல் 20 கோடி பவுனுக்கு வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் 40 கோடி பவுனுக்கு மேல் ஈவாக வெளியேறியது. 2015-ல் அவர் அதனை ஒரே ஒரு பவுனுக்கு விற்றார். அடுத்த ஆண்டே அது முழுகியது. சுமார் 11,000 பேர் வேலை இழந்தனர். தொழிலாளரின் ஓய்வூதிய நிதியில் 57.1 கோடி பவுன் குறை இருந்தது. பார்லிமெண்டு விசாரணைக்குப் பின், 2017-ல் அவர் 36.3 கோடி பவுன் வரை கொடுக்க உடன்பட்டார்.

அடுத்துத் துன்புறுவோர் சரக்குக் கொடுத்தவர்கள். இவ்விடத்தை நெசவாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திவாலான கடையின் சொத்தில், அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவருக்கே முன்னுரிமை. சரக்கைக் கடனாகக் கொடுத்துவிட்டுப் பட்டியல் அனுப்பிக் காத்திருப்பவர் வரிசையின் கடைசியில் நிற்பவர். ஹவுஸ் ஆஃப் ஃபிரேசர் 2018-ல் விழுந்தபோது சரக்குக் கொடுத்தோருக்கு வரவேண்டியிருந்த பாக்கி 48.4 கோடி பவுன். 2020-ல் மேனாட்டுக் கடைகள் பூட்டப்பட்டபோது, 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்தப்பட்டன என்று வங்காள தேசத்து ஆடை உற்பத்தியாளர் சங்கம் அறிவித்தது. கடைக்காரரின் கடன் பளுவைக் கடைசியில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவரும் தறியில் அமர்ந்தவருமே சுமந்தனர்.

உடைமை மாறினால் போதுமா?

இவற்றுக்கு மாறாக ஜான் லூயிஸ் கடைகள் தனி வழியில் நடந்தன. நிறுவியவரின் மகனான ஸ்பீடன் லூயிஸ் 1929-ல் கடையை ஊழியர்களின் நன்மைக்கான தர்ம ஸ்தாபனத்தின் வசம் ஒப்படைத்தார். கட்டடத்தை விற்றுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு செல்லும் வெளி முதலாளி அங்கு இல்லை. ஆயினும் அது துன்பமே அறியாதிருந்தது என்று நாம் கூறமாட்டோம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அது 16 கடைகளை மூட முடிவு செய்தது. ஷெஃபீல்டு கடையும் அவற்றுள் ஒன்று. 1953-க்குப் பின் முதன்முறையாக 2021-ல் ஊழியர்களுக்குப் போனஸ் இல்லை. எனினும் சுமையைத் தாங்கிக் கடை நிற்கிறது.

நமது இயக்கத்தின் முன்னோடிகளான ராச்டேல் தொழிலாளர்களையும் இங்கு நினைவு கொள்ளுதல் தகும். 1844 டிசம்பர் 21-ல், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சேர்த்த 28 பவுன் மூலதனத்துடன், ‘டோட் லேன்’ என்னும் சந்தில் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே இருந்தன. ரொக்க வியாபாரம், சரியான எடை, ஒருவருக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபப் பங்கீடு என்பவை அவர்களின் விதிகள். லாபம் முழுவதையும் பகிர்ந்து உண்ணாது சேர்த்து வைத்தமையால், 1867-ல் அதே வீதியில் பெரிய மத்தியப் பண்டகசாலையைக் கட்ட அவர்களால் முடிந்தது. அவர்களின் வழியைப் பின்பற்றியே 1904-ல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

ஆனால் கூட்டுறவு என்னும் பெயர்ப் பலகை மட்டும் காப்பாற்றிவிடாது. இங்கிலாந்துக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு காலத்தில் பல நகரங்களில் நடத்திவந்த பேரங்காடிகளில் மிகப் பல மூடப்பட்டன. அந்நாட்டின் மிகப் பெரிய கூட்டுறவு ஸ்தாபனமான கூட்டுறவுக் குழுமம், தன் பாங்கியில் ஏற்பட்ட பெருங்குறையால் 2013-ஆம் ஆண்டுக் கணக்கில் 250 கோடி பவுன் நஷ்டம் காட்டியது. உடைமை அங்கத்தினருடையது, கண்காணிப்பு மட்டும் அங்கத்தினரிடம் இல்லை.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

மேற்கூறியவற்றை நம் சங்கங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். மகாசபைக் கூட்டத்தில் ஐந்தொகையை வாசிக்கும்போது, ஈவு எத்தனை சதவீதம் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடுகிறது. பின்வரும் நான்கையும் கேட்பது நன்று.

முதலாவது, விற்பனைக் கூடமும் கிடங்கும் சங்கத்தின் பெயரில் உள்ளனவா, அவற்றின் மேல் அடமானம் உண்டா? கட்டடத்தை விற்கவோ ஈடு வைக்கவோ தீர்மானம் வந்தால், வரும் பணம் எங்கே வைக்கப்படும் என்பது அத்தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். விற்பதே தவறென்று நாம் சொல்லவில்லை. மனையை விற்று நூலும் தறியும் வாங்கினால் முதல் உருமாறுகிறது. ஈவாகப் பகிர்ந்தால் முதல் அழிகிறது.

இரண்டாவது, இவ்வாண்டு ஈவு வியாபார லாபத்திலிருந்து வருகிறதா, அல்லது சொத்து விற்ற பணத்திலிருந்தும் சேமநிதியிலிருந்தும் வருகிறதா? மூன்றாவது, விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சங்கம் நிற்குமா? மேலே காட்டிய கணக்கைக் காரியதரிசி ஒரு தாளில் போட்டுக் காட்ட முடியும்.

நான்காவது, சரக்கை வாங்கிய வியாபாரிகளிடம் எத்தனை நாள் பாக்கி நிற்கிறது, ஒரே வியாபாரியிடம் எவ்வளவு நிற்கிறது? நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இதில் நமக்குத் துணை. பதிவு பெற்ற நுண், சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து உடன்படிக்கை இருந்தாலும் 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் செலுத்த வேண்டும். உடன்படிக்கை இல்லையேல் 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக, கொடுக்கக் கடமைப்பட்டவர். அத்தகைய தொழில்களின் உற்பத்தியை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தையும் அச்சட்டம் விற்பவராக ஏற்கிறது. தகராறு எழுந்தால் மாநிலத்தில் இதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடலாம். அந்நிய நாட்டு வியாபாரியை இச்சட்டம் கட்டாது. ஆகவே ஏற்றுமதிச் சரக்குக்கு முன்பணமோ பாங்கி உத்தரவாதமோ பெறுவதே பாதுகாப்பு.

மேனாட்டுப் பேரங்காடிகளின் வாயிலில் கூட்டம் குறைந்ததை எல்லோரும் கண்டனர். உள்ளே முதல் குறைந்ததை, ஐந்தொகையைப் படித்தவர் தவிர எவரும் காணவில்லை. அக்கடைகளில் வேலை செய்தோருக்கும் சரக்குக் கொடுத்தோருக்கும் ஐந்தொகையைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கவில்லை. நமக்கு அவ்வுரிமை சட்டப்படி இருக்கிறது. அடுத்த மகாசபைக்குச் செல்லும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அச்சிட்ட ஐந்தொகையை முன்னதாகவே கேட்டு வாங்கி, இந்நான்கு கேள்விகளையும் மனத்திற்கொண்டு படித்து வருவாராக.